உழைப்பை அளக்கும் கோல்

மதுரை நெசவாளர் நெய்த புடவையை வாங்க வருவோர், அதனை விரித்து முழமிட்டு, இழையைத் தடவி, கரையை நோக்கி விலை பேசுவர். நெய்தவர் பணிவாய் வணங்கினாரா, எதிர்மொழி கூறினாரா என்பது அங்கே கணக்கில் வாராது. ஆனால் ஒரு குமாஸ்தா ஆண்டு முழுதும் செய்த வேலையை எம்முழக்கோலால் அளப்பது? மேலதிகாரியின் மனமே கோல். அம்மனத்தை அசைப்பன யாவை என ஆராய்தல், உத்தியோகம் நாடிச் செல்லும் நம் மாணவர்க்கும், உத்தியோகம் தரும் நிலையிலுள்ள பழைய மாணவர்க்கும் அவசியமாம்.

முதலாவது, உறவும் கையூட்டும். இந்திய ஆலைகளில் வேலையாளை அமர்த்துவதும் நீக்குவதும் மேஸ்திரிமாரின் கையில் இருந்தமையால் விளைந்த இலஞ்சக் கேட்டை 1931-இல் வெளிவந்த விட்லி கமிஷன் அறிக்கை எடுத்துரைத்தது. திருவள்ளுவர் தெரிந்து வினையாடலை அடுத்துச் சுற்றந்தழாலை வைத்தார். அவ்விரண்டும் எக்காலத்தும் அண்டை வீடுகளே போலும்!

இக்கேடு கண்ணுக்குத் தெரிவது. தெரியாத கேடு ஒன்றுண்டு. அமெரிக்க உளநூலறிஞர் தார்ண்டைக் 1920-இல், இராணுவ அதிகாரிகள் தம் கீழுள்ளோர்க்கு இட்ட மதிப்புகளை ஆராய்ந்தார். உடற்கட்டு, அறிவு, தலைமை, ஒழுக்கம் என்பன வெவ்வேறாயினும், ஒன்றில் உயர்வு பெற்றவன் ஏனையவற்றிலும் உயர்வே பெற்றிருந்தான். ஒரு குணத்தின் ஒளி மற்றவற்றின்மேலும் படர்ந்துவிடுகிறது. ஆங்கிலம் சரளமாய்ப் பேசுபவன் கணக்கிலும் வல்லவன் எனக் கொள்ளப்படுவதை நாம் கண்டதில்லையா?

மறதியும் சேர்கிறது. குறிப்பு எழுதப்படுவது பெரும்பாலும் மார்ச்சு முடிந்த பின். ஐப்பசியில் வைகை பெருகியதை மறந்து, பங்குனி மணலைக் கண்டு ஆற்றை மதிப்பிடுதல் போன்றதே இது.

இவ்வளவும் இரகசியமாய் நடக்குமாயின் திருத்த வழி ஏது? எல்லைப்புறச் சாலைப் பணியில் பொறியாளராயிருந்த தேவ் தத் என்பவர்க்கு 1993-94-ஆம் ஆண்டுக் குறிப்பில் 'நன்று' என்றே எழுதப்பட்டது. பதவி உயர்வுக்கோ 'மிக நன்று' வேண்டியிருந்தது. புகழ்ச்சி போன்ற அச்சொல்லே தடையாயிற்று. அஃது அவர்க்கு அறிவிக்கப்படவும் இல்லை. எக்குறிப்பாயினும் உரியவர்க்குக் காட்டுதல் வேண்டும் என 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே மத்திய அரசாங்கம் குறிப்பு முழுவதையும் காட்டவும், பதினைந்து நாட்களுக்குள் மறுப்புரை பெறவும் விதி செய்தது.

வெளிப்படையாக்கினால், பகைக்கு அஞ்சி எல்லார்க்கும் உயர்ந்த எண்ணே இடுவர் என்பர் சிலர். அவர் கூற்றில் உண்மை இல்லாமற்போகவில்லை. அவ்வாறு செய்வது உழைத்தவனுக்கே இழைக்கும் அநீதி. ஆயினும் இரகசியம் அதற்கு மருந்தாகாது. எண்ணோடு காரணத்தையும், காரணத்தோடு தேதியையும் எழுதவேண்டும் என்பதே நம் கருத்து. ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் ஆலையில் ராபர்ட் ஓவன் ஒவ்வொரு தொழிலாளியின் பக்கத்திலும் நான்கு நிற மரக்கட்டையொன்றைத் தொங்கவிட்டார்: தீயதற்குக் கருமை, நடுத்தரத்திற்கு நீலம், நல்லதற்கு மஞ்சள், மிக நல்லதற்கு வெண்மை. பலர் காண ஒருவனை இவ்வாறு நிறுத்தியதை நாம் ஒப்புக்கொள்ளோம். ஆயினும் நிறம் அன்றன்று குறிக்கப்பட்டது. தவறெனக் கருதியவன் ஓவனிடமே முறையிடலாம். அவ்விரண்டும் கொள்ளத்தக்கவை.

வேறிடம் தேடுவானேன்? நம் வகுப்புகளில் இடப்படும் உள்மதிப்பீட்டு எண்களுக்கும் ஆசிரியர் நாட்குறிப்பு ஒன்று வைத்து, மாணவர் கேட்டால் காட்டலாம். அடுத்த பருவத்திலேயே தொடங்க ஒரு தடையும் இல்லை.