வருடம் எழுதாத புட்டி

ஷாம்பெயினில் காசு போடுகிறவர்கள் முதலில் தேடுவது வருடத்தை. 1996, 2002, 2008 என்று புட்டியில் அச்சாகியிருந்தால் கண் விரிகிறது, ஏலத்தில் விலை எகிறுகிறது. வருடம் போடாதது சாதாரணச் சரக்கு என்று ஓர் எண்ணம். அந்தக் கணக்கு எப்போதும் சரிவராது என்பது என் கட்சி. சாட்சிக்கு க்ரூக் என்ற ஷாம்பெயின் நிறுவனத்தைக் கூப்பிடுகிறேன்.

வருடத்துக்கு ஏன் இவ்வளவு மவுசு? பிரான்ஸின் வடகிழக்கில், ரான்ஸ், எபெர்னே நகரங்களைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு மண் சீமை ஷாம்பெயின். திராட்சை ஒழுங்காகப் பழுக்கவே திணறும் குளிர் பிரதேசம். வசந்தத்தில் உறைபனி, கோடையில் ஆலங்கட்டி, அறுவடையில் மழை என்று ஏதாவது ஒன்று வந்து கெடுக்கும். அதனால் பல ஊர்த் தோட்டங்களின் ஒயினோடு, முந்தைய வருடங்களில் எடுத்துவைத்ததையும் கலந்து குறையை நிரவினார்கள். இயற்கை கைகொடுத்த வருடத்தில் மட்டும் அந்த விளைச்சலைத் தனியாக அடைத்து வருடம் போட்டார்கள். சட்டமும் அதற்கேற்ப இருக்கிறது. வருடம் போடாதது 15 மாதம் நிலவறையில் இருந்தால் போதும். போட்டால் 3 ஆண்டு இருக்க வேண்டும்.

வருடம் போடும் வழியில் பேர்போனது டோம் பெரின்யோன். 1921-ஆம் ஆண்டு விளைச்சலில் செய்து 1936-இல் விற்பனைக்கு வந்த அந்தச் சரக்கு, இன்றுவரை வருடம் போடாமல் வெளிவந்ததில்லை. ஆனால் அதுவும் கலவைதான். வருடம் ஒன்று; தோட்டங்கள் பல, திராட்சை ரகம் இரண்டு. பெயருக்குரிய துறவி 17-ஆம் நூற்றாண்டில் ஓவில்லே மடத்தில் பேரெடுத்ததும், பல தோட்டத்துப் பழங்களைப் பொருத்தமாகச் சேர்க்கும் சாமர்த்தியத்தால்தான். நுரையைக் கண்டுபிடித்தவர் அவர் என்பது பிற்காலத்தில் கட்டிவிட்ட கதை.

மைன்ஸ் நகரில் பிறந்த ஜோசப் க்ரூக் 1843-இல் ரான்ஸில் கம்பெனி தொடங்கினார். 1848-இல், மகனுக்காகத் தன் கொள்கையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தார். இரண்டு ஷாம்பெயின் செய்ய வேண்டும். ஒன்று எந்த வருடமானாலும் குறையாத தரத்தில் வர வேண்டும். மற்றது அந்தந்த வருடத்தின் போக்கைக் காட்ட வேண்டும். தரத்தில் ஒன்றுக்கொன்று இளைத்ததாக இருக்கக் கூடாது. முதலாவதுதான் இன்றைய கிராந்த் குவே.

அறுவடை முடிந்தபின் ருசி பார்க்கும் குழு உட்காருகிறது. கிண்ணத்தில் நுரை கிடையாது. பல் கூசும் புளிப்போடு இளம் ஒயின். ஒவ்வொரு தோட்டத் துண்டின் சாறும் தனியாகச் சிறு ஓக் பீப்பாயில் நொதித்திருக்கும். புதிது சுமார் 250, முந்தைய வருடங்களின் கையிருப்பு சுமார் 150. எது எந்தத் தோட்டம் என்று சொல்லாமல் கொடுப்பார்கள். உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பி, மதிப்பெண் போட்டு, அடுத்தது. இப்படி வாரக்கணக்கில் சேர்ந்த குறிப்புகளிலிருந்துதான் தலைமை ஒயின் வல்லுநர் கலவையைக் கட்டுகிறார்.

கிராந்த் குவேயின் 168-ஆம் பதிப்பை, அதாவது 168-ஆவது முறை கட்டிய கலவையை எடுத்துக்கொள்வோம். 2012-இல் உறைபனியும் பூஞ்சணமும் விளைச்சலைத் தின்றுவிட்டன. மிஞ்சிய பழமோ அருமை. அதை அடித்தளமாக வைத்து 11 வருடங்களின் 198 ஒயின்களைச் சேர்த்தார்கள். மூத்தது 1996. கலவையைக் கட்டிய எரிக் லெபெல் க்ரூக்கில் சேர்ந்தது 1998-இல். அவர் வாசல் மிதிக்கும் முன்பே யாரோ எடுத்துவைத்த ஒயின் அது. கலவை சுமார் ஏழாண்டு நிலவறையில் கிடந்து வெளியே வந்தபோது, அந்தப் பொறுப்பில் ஜூலி காவில் இருந்தார். தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள் நம் ஊரில். கையிருப்பு ஒயின் பனை ரகம். நிறுவனம் தன் பாரம்பரியம் என்று எதையாவது காட்டுவதானால், லேபிளில் இருக்கும் முத்திரையைவிட இந்தப் பீப்பாய்களையும் தொட்டிகளையும் காட்டலாம்.

ஆனால் க்ரூக்கின் வருடம் போட்ட புட்டிதான் இன்றும் அதிக விலைக்குப் போகிறது. ஜோசப் சொன்ன சமத்துவத்தைச் சந்தை காதில் போட்டுக்கொள்ளவில்லை. 163-ஆம் பதிப்பிலிருந்து கிராந்த் குவேயின் முன்பக்கத்தில் எண் போடுகிறார்கள். வருடத்தையே தேடுகிறவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஓர் எண். வியாபார புத்தி அதில் இல்லாமலில்லை. இருந்தாலும் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. உள்ளே எந்தெந்த வருடம் இருக்கிறது என்பது இப்போது வாங்குகிறவனுக்கும் தெரிகிறது.

இந்த வழக்கில் வெயிலும் ஒரு கட்சி. 2003-இல் அனல் அடித்து, 1822-க்குப் பிறகு மிகச் சீக்கிரமாக அறுவடை செய்தார்கள். பழம் கனிவது இப்போது அங்கே பெரிய கவலை இல்லை. கனிந்தபின்னும் புளிப்பு நிற்குமா என்பதுதான் கவலை. அன்று இளம் ஒயினுக்குச் சதைப்பிடிப்பு தந்த கையிருப்பிடம் இன்று புத்துணர்ச்சியைக் கேட்கிறார்கள். லூயி ரோடெரே நிறுவனம் 2012-இல் ஒரு நிரந்தரக் கையிருப்பைத் தொடங்கி, 2021-இல் வருடம் போடாத தன் பழைய கலவையான ப்ரூட் பிரீமியேவின் இடத்தில் கலெக்ஷன் 242 என்று எண் போட்ட கலவையைக் கொண்டுவந்தது.

நல்ல வருடம் அடிக்கடி வாய்த்தால் வருடம் போடுவது பெரிய விஷயமாக இருக்காது. அப்போது எதை எதோடு சேர்ப்பது என்று தெரிந்தவருக்குத்தான் கூலி கொடுக்க வேண்டும். அந்தக் கூலியை இப்போதே கொடுக்கலாம் என்கிறேன்.