ரோடு ஏறுது, திண்ணை இறங்குது

வடசென்னையில் பழைய வீடுகள் வருஷா வருஷம் குள்ளமாகிக்கொண்டே வருகின்றன. சந்தேகம் இருந்தால் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துச் சந்துகளில் ஒரு நடை நடந்து பாருங்கள். தாத்தா நாலு படி ஏறி உள்ளே போன வீட்டுக்குள் பேரன் ரெண்டு படி இறங்கிப் போவான். வீடு அப்படியேதான் இருக்கிறது. ரோடுதான் வளர்ந்திருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார். சில வருஷம் கழித்து அதற்கும் மேலே இன்னொரு தார். கல்லில் கிடக்கும் தோசையை எடுக்காமலே அதன் மேல் அடுத்த தோசை ஊற்றுகிற மாதிரி.

எங்கள் வீடும் அந்த ரகம்தான். ராயபுரத்தில் மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடு. முன்னால் திண்ணை, மேலே மங்களூர் ஓட்டுச் சாய்ப்பு, அதைத் தாங்க ரெண்டு தேக்குத் தூண். நாலு படியில் மூன்றை ரோடு விழுங்கியாகிவிட்டது. அது பழகிப் போயிற்று. ஆனால் போன மழைக்குப் பிறகு திண்ணையின் இடது மூலை நிஜமாகவே இறங்க ஆரம்பித்தது. வீட்டுச் சுவருக்கும் திண்ணைக்கும் நடுவில் விரல் நுழையும் விரிசல். இடது தூணுக்குக் கீழே ஒரு போஸ்ட் கார்டு நுழைந்தது. அதாவது, தூண் சாய்ப்பைத் தாங்கவில்லை. சாய்ப்புதான் தூணைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது!

அந்தத் திண்ணையில் சாயங்காலம் அம்மா உட்கார்ந்திருப்பாள். காசிமேட்டிலிருந்து வரும் மீன்கார ஆயா கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்குவதும் அங்கேதான். தலைக்கு மேல் அத்தனை ஓடு. எனக்கு ஆபீஸில் உட்கார முடியவில்லை.

யோசனை சொல்ல ஆளா பஞ்சம்? பெங்களூர் தம்பி போனிலேயே தீர்ப்பு வழங்கினான்: "இடிச்சிட்டு ஷட்டர் போடுண்ணா. கடை வாடகை வரும், ஆளுக்குப் பாதி." தெரிந்த இன்ஜினீயர் ஒருத்தர் கான்கிரீட் போர்ட்டிகோ போடச் சொன்னார், மூணு பைக் நிற்குமாம். பக்கத்து வீட்டுக்காரரோ, "விரிசல்ல சிமெண்டை அடைச்சி பெயின்ட் அடிங்க, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். விழப்போகிற ஓட்டுக்குத் தெரியுமே!

வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கிவிடு என்றும் ஒரு கட்சி. இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். ஹரியானா பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து, சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கி கொடுத்து, சென்னையில் எத்தனையோ வீடுகளை உயர்த்தியிருக்கிறார்கள். வித்தை பழசு. அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் சாக்கடை ஓட வழியில்லாமல் 1850-களிலும் 60-களிலும் தெருமட்டத்தையே உயர்த்தினார்கள். கூடவே கட்டடங்களையும் திருகு ஜாக்கிகளால் தூக்கினார்கள். 1861-ல் ட்ரிமாண்ட் ஹவுஸ் என்கிற பெரிய ஹோட்டலை, உள்ளே ஆட்கள் தங்கியிருக்கும்போதே உயர்த்தினார்கள். அந்த வேலையில் இருந்த ஜார்ஜ் புல்மன்தான் பிற்பாடு ரயிலில் தூங்கும் பெட்டி கட்டிப் பணக்காரர் ஆனவர். எனக்குப் புல்மன் அளவு ஆசை இல்லை. எனக்கு ஒரு மூலை நிமிர்ந்தால் போதும்.

கடைசியில் காலடிப்பேட்டையிலிருந்து ஒரு வயசான மேஸ்திரி வந்தார். கரணை எடுப்பார் என்று பார்த்தால், ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை எடுத்தார். விரிசலுக்குக் குறுக்கே வைத்து, ரெண்டு முனையிலும் சிமெண்ட் அப்பி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினார்.

"அவ்ளோதான் தம்பி. ஒரு மாசம் சொம்மா இரு. அது இன்னும் நவுருதா, நின்னுபோச்சான்னு தெரியாம கைய வெக்கக்கூடாது."

சும்மா இருப்பது எனக்குக் கைவந்த கலை. கவர்ன்மென்ட் ஆபீஸில் பயிற்சி. ஆனால் பதினோராம் நாளே கண்ணாடி கீறிவிட்டது. நகர்கிறது!

மேஸ்திரி மூலையில் ஒரு குழி வெட்டினார். மொட்டை மாடி மழைத்தண்ணி போகும் பழைய குழாய் திண்ணைக்கு அடியில் ஓடித் தெருக் கால்வாயில் விழ வேண்டும். ரோடு உயர்ந்தபோது கால்வாயையும் உயரமாகக் கட்டிவிட்டார்கள். குழாய் வாய் கீழே, கால்வாய் மேலே. தண்ணி மேட்டில் ஏறாது என்பது பள்ளிக்கூடப் பாடம். போக வழியில்லாத தண்ணி, குழாய் மூட்டைப் பிளந்துகொண்டு திண்ணைக்கு அடியில் இறங்கியது. பக்கத்திலேயே உடைந்து கிடந்த ஒரு பழைய கழிவுநீர்க் குழாய். அதற்குள் தண்ணி புகுந்தபோதெல்லாம் கூடவே மணலும் போயிருக்கிறது. உள்ளே கை விட்டால் முழங்கை வரை வெற்றிடம்.

"பாத்தியா தம்பி? ரோடு ஏறிச்சி, அதனால திண்ண எறங்கிச்சி."

ரெண்டும் தனித்தனி வியாதி என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மணல் பூமி என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். நாலு பக்கமும் நகராமல் கட்டிப்போட்டால் மணல் பிரமாதமாக எடை தாங்கும். 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன், கடலோரத்து மண்ணில்தான் இன்றைக்கும் தூண்களோடு நிற்கிறது. மணல் ஓடிப்போனால்தான் ஆபத்து. (எங்கள் கடற்கரைக்கும் இதே கதை. தெற்கேயிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்துக்கொண்டது. தெற்கே மெரினா கொழுத்தது. வடக்கே எங்கள் பக்கம் கடல் அரித்து, பாறாங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவர்கள் ஒரு நிமிஷம் எங்களை நினைத்துக்கொள்ளவும்.)

வேலை மூணு வாரம் நடந்தது. முதலில் ஓடுகளை இறக்கிப் பாரத்தைக் குறைத்தார்கள். உத்தரத்துக்குச் சவுக்குக் கட்டை முட்டு. அப்புறம் திருகு ஜாக்கி. ஒரு நாளைக்கு ரெண்டு நூல், அதற்கு மேல் ஒரு திருகு கூடக் கிடையாது. அவசரப்பட்டால் பழைய சுவர் வாய் பிளந்துவிடுமாம். அஸ்திவாரத்தையும் மொத்தமாகத் தோண்டவில்லை. மூணடி தோண்டி, ஜல்லி போட்டுச் செங்கல் கட்டி, அது இறுகின பிறகுதான் அடுத்த மூணடி. மழைத்தண்ணிக்கு வேறு பக்கமாக, கால்வாய்க்கு மேலே விழுகிற மாதிரி புதுக் குழாய். உடைந்த குழாயின் வாயை அடைத்தார்கள். மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, நனைத்து, திமிசுக் கட்டையால் இடித்தார்கள். தூணின் அடியில் ஒரு அடி மக்கியிருந்தது. அதை அறுத்துவிட்டுக் கருங்கல் வைத்தார்கள்.

பூச்சுக்குச் சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்புதான் என்று மேஸ்திரி பிடிவாதம். பழைய சுண்ணாம்புச் சுவர் உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விட வேண்டும். சிமெண்ட் அதன் மூக்கைப் பொத்திவிடும். உப்புக் காற்றில் ரெண்டே வருஷத்தில் பொருக்குப் பொருக்காக உதிரும் என்றார். எதிர்வீட்டுச் சுவர் சாட்சிக்கு நின்றது.

செலவு என் மூணு மாதச் சம்பளம். தம்பியிடம் பாதி கேட்டேன். "வாடகை வந்தா சொல்லுண்ணா" என்று போனை வைத்துவிட்டான். பிறகு அம்மாவே பேசினாள். என்ன பேசினாள் என்று தெரியாது. மறுநாள் பணம் வந்தது.

2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ.இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று உத்தரவு போட்டார். நல்ல உத்தரவு. அந்தச் செய்தியை வெட்டி அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். மூக்குக் கண்ணாடிக் கூட்டில் மடித்து வைத்திருக்கிறாள். போன வாரம் தெருமுனையில் ரெண்டு பேர் டேப்பைப் பிடித்து ரோட்டை அளந்துகொண்டிருந்தார்கள். திண்ணையிலிருந்தபடியே குரல் கொடுத்தாள்:

"ஏம்ப்பா, சொரண்டிட்டுத்தான போடுவீங்க?"