கூலி கேளாத தச்சன்

சிதம்பரத்தில் மேல வீதியை அடுத்த ஒரு சந்தில், பரம்பரை ஓட்டு வீடு ஒன்றில் நம் நண்பர் குடியிருக்கிறார். சென்ற வாரம் அவர் வீட்டுத் திண்ணையில் நாம் உட்கார்ந்திருந்தபோது, நமது வேஷ்டியின்மேல் பொலபொலவென்று மரத்தூள் உதிர்ந்தது. அண்ணாந்து பார்த்தோம். கைமரத்தில், துறப்பணம் வைத்துக் குடைந்தாற்போல் சுத்தமான வட்டத் துவாரம் ஒன்று. அதற்குள்ளிருந்து கரகரவென்று சத்தம்.

"கூலி கேளாத தச்சன் வேலை செய்கிறான். சாயங்காலம் பூச்சி மருந்தைப் பீச்சி ஒழித்துவிடுகிறேன்" என்றார் நண்பர். "கொஞ்சம் பொறுங்கள்" என்று தடுத்தோம். தடுத்ததற்குக் காரணம் சொல்ல வேண்டுமல்லவா?

கருவண்டு என்று நாம் அழைக்கும் இந்த ஜீவன் உண்மையில் தேனீயின் குலத்தைச் சேர்ந்தது. விஞ்ஞானிகள் இதற்கு இட்டிருக்கும் 'ஸைலோகோபா' என்ற பெயருக்குக் கிரேக்க மொழியில் மரம் வெட்டி என்று பொருள். வெட்டுவதே தவிரத் தின்பதில்லை. கறையானுக்கு மரம் ஆகாரம், இதற்கோ வீடு. தச்சன் என்றோமே, அதுவும் பிசகு. குடையும் வேலையெல்லாம் பெண்ணைச் சேர்ந்தது. ஆண் வண்டு வாசலில் பறந்து பயமுறுத்துவதோடு சரி. அதற்குக் கொடுக்கே கிடையாது. (இதைப் படித்துவிட்டு வாசகிகள் தங்கள் கணவன்மாரைத் திரும்பிப் பார்த்தால் நாம் ஜவாப்தாரியல்ல.) பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு; ஆனால் கையால் பிடித்து நசுக்கினாலொழிய அது பெரும்பாலும் கொட்டுவதில்லை.

விரல் நுழையும் அளவுள்ள துவாரம் சுமார் ஓர் அங்குலம் நேரே சென்று, பிறகு மரத்தின் ரேகையோடு திரும்பிச் சுரங்கமாய் நீளும். உள்ளே மகரந்தமும் தேனும் பிசைந்த உருண்டை ஒன்று. அதன்மேல் ஒரு முட்டை. மரத்தூளை எச்சிலில் குழைத்து ஒரு தடுப்புச் சுவர். அப்பால் அடுத்த அறை. ஒரு வருஷத்தில் குடி முழுகிவிடாது. ஆனால், பின்வரும் தலைமுறைகளும் அதே சுரங்கத்தைச் செப்பனிட்டு நீட்டிக்கொண்டே போகும். அந்த வழியாக மழைநீரும் இறங்கினால் மரம் இற்றுப் போகும்.

கடலூர் ஜில்லாவில் இதை அலட்சியம் செய்வதற்கில்லை. 2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியது. அன்று பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததையும், கூரைகள் பறந்ததையும் மறந்தவர் யார்? அப்படிப்பட்ட காற்றை, உள்ளே பொள்ளலான கைமரம் எவ்வளவு நேரம் தாங்கும்? ஆகவே நண்பரின் கவலை நியாயமே. தண்டனைதான் நியாயமல்ல.

ஏனெனில், அவர் வீட்டுக் கொல்லையில் முருங்கை நிற்கிறது, கத்தரி காய்க்கிறது. கத்தரிப் பூவின் மகரந்தம் நுனியில் மட்டும் வாயுள்ள குழாய்களில் அடைபட்டிருக்கிறது. கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்ததும், மகரந்தம் உப்புக் குப்பியிலிருந்து உப்பு விழுவதுபோல் கொட்டுகிறது. சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. முருங்கைப் பூவிலும் எருக்கம் பூவிலும் மகரந்தத்தை எடுத்துச் சென்று சேர்ப்பதில் இந்தப் பெரிய வண்டுகளுக்கு முக்கியப் பங்கு உண்டு. இதே ஜில்லாவில் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் தன் ஊர்ப் பெயரிலேயே கத்தரி ரகம் கண்டு தந்திருக்கிறது. நல்ல விதையை நிலையம் தரும். பூவை உலுக்க வண்டுதான் வரவேண்டும்.

சரி, செய்யத்தக்கது என்ன? வண்டு பெரும்பாலும் தேடுவது வர்ணம் பூசாத வெறும் மரத்தை. ஆகையால் கைமரம், உத்தரம், கதவு நிலை எல்லாவற்றிற்கும் எண்ணெய் வர்ணம் பூசுங்கள். துவாரத்தில் போக்குவரத்து இருந்தால் உடனே அடைக்காதீர்கள். உள்ளே அகப்பட்டது வேறு வழி குடைந்து வெளியே வரும், துவாரம் இரண்டாகும். சில வாரங்களில் குஞ்சுகள் வளர்ந்து பறந்த பிறகு, மரத்தூளும் வச்சிரமும் கலந்து ஆழமாக அடைத்து, மேலே வர்ணம் தீட்டுங்கள். பல துவாரங்கள் இருந்தால் ஐப்பசி மழைக்கு முன்பே ஆசாரியை அழைத்து, மரத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளியேற்றுகிறவன் மாற்றிடம் காட்டுவது தர்மம். முன்பெல்லாம் கொல்லைக்கு மூங்கில் வேலி இருந்தது. பட்ட மரமும் நின்றது. இப்போது வேலி மதிலாயிற்று; பட்ட மரம் அடுப்புக்குப் போயிற்று. வண்டின் கண்ணுக்கு நமது கைமரமும் ஒரு பட்ட மரந்தானே? மழை படாத இடத்தில் நாலு காய்ந்த மூங்கில்களைக் கட்டித் தொங்கவிட்டால் செலவு ஒன்றுமில்லை.

சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823-ல் தோன்றி, 1867-ல் வடலூரில் தருமசாலை கண்ட வள்ளலார், ஜீவகாருண்யத்தை உபதேசித்தது இந்த மண்ணில்தான். வீட்டையும் காத்து, வண்டையும் காப்பது அவ்வளவு கஷ்டமான காரியமல்ல.

நண்பர் சற்று யோசித்தார். பூச்சி மருந்தை உள்ளே வைத்துவிட்டு, மூங்கில் தேடக் கொல்லைப் பக்கம் போனார். நாமும் வேஷ்டியை உதறிக்கொண்டு எழுந்தோம்.