மகஜரில் இடம்பெறாத உப்பு

ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானி கொடுத்து, அதன் தோலை ஊர் மதரஸாவுக்கு அனுப்பி வைப்பது நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். மதரஸாவின் அரிசிச் செலவில் ஒரு பகுதியை அத்தோல்கள் தாங்கிய காலம் உண்டு. அண்மை ஆண்டுகளிலோ, ஆட்டுத் தோலுக்கு வியாபாரி கூறும் விலை அதன்மீது தூவிய உப்புக்கேனும் ஈடாகுமோ என்று ஐயுறும் நிலை வந்துவிட்டது. செயற்கைத் தோலின் பெருக்கம் முதலாக இவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நம் கண்ணுக்குப் புலப்படாமல் புதுதில்லியில் நிர்ணயிக்கப்படுவது. பதனிடாத தோலின் ஏற்றுமதிக்கு நெடுங்காலமாகக் கனத்த வரி விதிக்கப்பட்டு வந்துள்ளது. தோல் உள்நாட்டிலேயே தங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். விற்பவருக்கு வாங்குவோர் குறைவு என்பது அதன் விளைவு.

இத்தகைய வரிகளைப் பற்றி அரசிடம் பேசுவோர் யாவர்? தனியொரு தோல் ஷாப் முதலாளியின் சொல் அமைச்சகத்தின் வாயிற்படியைத் தாண்டாது. சங்கத்தின் சொல் தாண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் பதனிடுவோரும் சென்னைப் பெரியமேட்டு வணிகரும் சங்கமாகச் சேர்ந்ததன் பயன் இதுவே. பட்ஜெட்டுக்கு முன்னர் மகஜர் அளிப்பதும், பாராளுமன்ற உறுப்பினரை உடன் அழைத்துச் சென்று அமைச்சரைக் காண்பதும், ஏற்றுமதி எவ்வளவு, தொழிலாளர் எத்தனை பேர் என்று கணக்கு வைத்துப் பேசுவதும் அவர்களுக்குக் கைவந்த கலை.

பலனும் கிட்டாமல் இல்லை. கூலிக்குத் தோல் பதனிட்டுத் தரும் வேலைக்கான ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18 முதல் 5 விழுக்காட்டிலிருந்து 12 ஆக உயர்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது மீண்டும் 5 ஆகக் குறைந்தது. இறுதி மெருகு ஏற்றப்படாத 'கிரஸ்ட்' தோலின் மீதிருந்த 20 விழுக்காடு ஏற்றுமதி வரியும் 2025 பட்ஜெட்டில் நீக்கப்பட்டது. சிறு பதனிடுவோரின் நலன் கருதியே இது செய்யப்படுவதாக நிதியமைச்சர் தம் உரையில் குறிப்பிட்டார். ஆயினும் தோல் வெளிநாடு சென்றால் இங்கே காலணி செய்வோருக்கு விலை ஏறுமே என்பது மறுதரப்பின் வாதம். ஆகவே 'தொழில்துறையின் கோரிக்கை' என்று நாளிதழில் காணும்போது, துறைக்குள் எவருடைய கோரிக்கை என்று வினவிப் பார்ப்பது நன்று.

இனி நான் எழுதப் புகுவது சற்றுச் சங்கடமானது. வட ஆர்க்காட்டுப் பகுதியின் மதரஸாக்களும் கல்லூரிகளும் பெரும்பாலும் தோல் வணிகரின் ஈகையால் எழுந்தவை. மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் சாஹிபின் பெயரை அறியாதார் யார்? என் போன்ற உஸ்தாதுமாரின் ஊதியத்திலும் அவ்வீகையின் பங்குண்டு. எனினும் பாடத்தில் அண்டை வீட்டாருக்குத் தீங்கிழைத்தலைப் பற்றிய ஃபிக்ஹுச் சட்டங்களை நடத்தும்போது, பாலாற்றங்கரைக் கிணறுகளை நினையாதிருக்க என்னால் இயலவில்லை.

1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கின் மீது எழுந்தது. அதுவும் ஒரு சங்கமே. ஆனால் கிணற்று நீர் குடிப்போரின் சங்கம். தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஓரளவோ பாழ்பட்டதென்ற ஆய்வை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. கழிவு நீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதித்த வரம்பு நியாயமன்று என்பதே தோல் பதனிடுவோர் தரப்பின் முதன்மை வாதமாக இருந்தது. 'நீரி' ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து, வரம்பு நியாயமே என்று அறிக்கை தந்தது. தொழிலகம் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

அதன்பின் நம் சங்கத்தார் வாளாவிருந்தனர் என்று கூறின் அது அவதூறாகும். அரசு மானியமும் தம் பங்குத் தொகையுமாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை எழுப்பினர். ஆனால் 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டையில் அத்தகைய நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகே உறங்கிக் கொண்டிருந்த 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் அல்லர். 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கி, அத்தொகையை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்கப் பணித்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள் கழிந்துவிட்டன!

வரிச் சலுகைக்காக ஆண்டுதோறும் தில்லிக்கு இரயிலேறும் அதே திறமையாளர்கள், கழிவு நீரைக் காய்ச்சிப் பிரித்தபின் குவியும் உப்பை என்செய்வது என்ற கேள்வியையும் மகஜரின் முதல் பக்கத்தில் எழுதிச் செல்லலாகாதா? அரசின் பணமும் சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தாரின் அறிவும் வேண்டிய காரியம் அது, தனியொருவரால் ஆகாது. கிராமத்து விவசாயி இருவரையும் தூதுக்குழுவில் சேர்த்துக் கொண்டால் அமைச்சர் மறுக்கப் போவதில்லை.

இதில் நமக்கும் பங்குண்டு. பாலாற்றில் கலந்த உப்பில் பெரும்பகுதி, தோல் கெடாதிருக்க அதன்மீது தூவப்படுவதே. தொழிலகத்தில் தோலை நீரில் ஊறவைக்குமுன் அவ்வுப்பை உதறிச் சேகரித்தால் கழிவு நீரின் உவர்ப்பு ஓரளவு குறையும். வரும் பெருநாளில் மதரஸா முற்றத்தில் தோல்களை அடுக்கும்போது, வாங்க வரும் வியாபாரியிடம் அவ்வுப்பு எங்கே போகிறதென்று கேட்க எண்ணியிருக்கிறேன்.