மானியம் யார் வீட்டு மாடிக்கு?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் 1 கோடி வீடுகளின் மாடியில் சோலார் அமைக்க 75,021 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், எல்லோருக்கும் ஒரே தொகை என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாட்டு மின்கட்டண அட்டவணையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மானியம் தேவைப்படாதவருக்கு அது போவதும், தேவைப்படுபவருக்குப் போதாமல் நிற்பதும் தெரிகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் ஓடும் வீடு ஒன்று. இரண்டு மூன்று ஏசி இருக்கும். 3 கிலோவாட் சோலார் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும், இரண்டு மாதத்தில் 720. இந்த வீட்டில் குறைவது உச்ச அடுக்குகளின் யூனிட்கள். மீதமுள்ள 280 யூனிட் மலிவான அடுக்குக்கு இறங்கிவிடும். ஆண்டுக்கு 35,000 ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம். ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய் முதலீடு, மானியமே இல்லாவிட்டாலும் ஆறு ஆண்டுக்குள் திரும்பிவிடும். தகடோ 25 ஆண்டு உழைக்கும். இப்போது 200 யூனிட் வீட்டுக்கு வருவோம். முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கு அரசு மானியம் போகக் கட்டுவது 300 ரூபாய்க்கும் குறைவு. 1 கிலோவாட் சோலார் இந்த வீட்டின் முழு பில்லையும் அழித்துவிடும். அழித்தும் ஆண்டுக்கு 1,800 ரூபாய்கூட மிஞ்சாது. மானியம் போகக் கைக்காசு 30,000 ரூபாய்க்கு மேல் போட வேண்டும். அதிலும் மீட்டர் மாற்றி, ஆய்வு முடிந்த பிறகுதான் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். கடன் கிடைக்கிறது என்பது உண்மை. வட்டியைக்கூட எடுக்க முடியாத ஒன்றுக்கு யார் கடன் வாங்குவார்?

இந்தச் சின்ன வீட்டின் மாடியில் சோலார் வந்தால் மிச்சம் யாருக்கு என்பதுதான் இங்கே முக்கியம். அந்த வீட்டுக்குக் கொடுக்கும் மின்சாரத்தின் அடக்கவிலையில் பெரும்பகுதியை ஒவ்வொரு பில்லிலும் மாநில அரசின் கருவூலம் சுமக்கிறது. தகடு வந்தால் குறைவது பெரும்பாலும் அந்தச் சுமை. பயனைப் பெறுபவர் செலவையும் ஏற்பதுதானே நியாயம்? ஒன்றிய மானியத்துக்கு மேல் கிலோவாட்டுக்கு 15,000 ரூபாய் வீதம் 30,000 ரூபாய் வரை உத்தரப் பிரதேசம் சேர்த்துத் தருகிறது. தமிழ்நாடு அதைவிடக் கூடுதலாகவே, குறைந்த பயன்பாட்டு வீடுகளுக்கு மட்டும் கொடுக்கலாம். பெரிய வீடுகள் சோலாருக்கு மாறும்போது கதை வேறு: அதிக விலை கொடுத்து வாங்கிய வாடிக்கையாளரை மின்வாரியம் இழக்கிறது, அந்தத் துண்டு கடைசியில் மற்றவர் கட்டணத்தில் வந்து விழும். ஜெர்மனி சூரிய மின்சார ஊக்கத்தொகையைப் பல ஆண்டுகள் எல்லோர் பில்லிலும் ஏற்றி வசூலித்து, 2022-ல்தான் அந்தத் தனிக் கட்டணத்தைக் கைவிட்டது.

வசதியுள்ளவர்கள் முதலில் வாங்கினால்தான் சந்தை வளரும், விலை இறங்கும் என்பார்கள். பத்தாண்டுக்கு முன்பு அது சரியான வாதம். இன்று தகட்டின் விலை இறங்கிவிட்டது. பெரிய வீட்டுக்குச் சோலார் லாபமான முதலீடு. இன்னொரு ஆட்சேபம், ஏழை யார் என்று பிரிக்கப் போனால் வருமானச் சான்றிதழுக்கு அலைச்சல் என்பது. தேவையே இல்லை. ஒவ்வொரு மின் இணைப்பும் பல ஆண்டுகளாக எவ்வளவு எடுத்தது என்பது மின்வாரியத்தின் கணினியில் இருக்கிறது. ஒரே வீட்டுக்கு மாடிக்கொன்றாக மூன்று மீட்டர் வைத்து அடுக்கைத் தப்பும் சாமர்த்தியசாலிகள் நம்மிடம் உண்டுதான். ஒரு கட்டடத்துக்கு ஒரு மானியம் என்று வைத்தால் பாதிப் பேரைப் பிடிக்கலாம். மீதிப் பேருக்காகத் திட்டத்தை நிறுத்த முடியாது.

கடினமான கேள்வி, மாடியே இல்லாதவர்கள். வாடகைக்குடித்தனமும் அடுக்குமாடிக் குடியிருப்பும் நிறைந்த சென்னையில் இவர்கள் சின்னக் கூட்டமல்ல. குடியிருப்போர் சங்கங்களுக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு, ஆனால் அது லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு. ஓரிடத்தில் அமைத்த சோலாரின் உற்பத்தியைப் பல வீட்டு பில்களில் பங்குபோட்டுக் கழிக்கும் முறைக்கு டெல்லி 2019-லேயே விதி வகுத்தது. அரசுப் பள்ளி, ரேஷன் கிடங்கு, மாநகராட்சிக் கட்டடம் ஆகியவற்றின் மாடிகளில் இப்படி அமைத்து, 200 யூனிட்டுக்குள் எடுக்கும் வாடகைதாரருக்கு ஒரு பங்கு தரலாம். வீடு மாறினால் பங்கும் புது மீட்டருக்கு மாறும். சூர்ய கர் திட்டத்தின் காலம் 2026-27 நிதியாண்டு வரை. அதற்குப் பிறகும் பணம் ஒதுக்குவதாக இருந்தால், 500 யூனிட்டுக்கு மேல் எடுக்கும் வீடுகளுக்கு மானியத்தை நிறுத்தி, அந்தத் தொகையை இந்தப் பங்குகளுக்குத் திருப்ப வேண்டும்.