முழங்கால் நழுவினால் மறைக்காதீங்க!

குட்டீஸ், முப்பது வருடங்களுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இருந்தவன் நான். கபடியிலும் கோகோவிலும் திடீரென்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். "ஒண்ணுமில்ல சார்" என்று நொண்டிக்கொண்டே மறுபடி ஆடப் போவார்கள். டீமிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம்! சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடிப்பதே இல்லை.

முழங்காலுக்கு முன்னால் சின்னதாக ஓர் எலும்பு தட்டுப்படுகிறதா? அதுதான் சில்லு. காலை மடக்கி நீட்டும்போது, தொடை எலும்பின் நுனியிலுள்ள பள்ளத்தில் அது மேலும் கீழும் ஓடும். ஓடுகிற வேகத்தில் சட்டென்று உடம்பைத் திருப்பினால், சிலருக்கு அது வெளிப்பக்கமாக நழுவிவிடும். காலை நீட்டியதும் பல நேரம் தானாகவே இடத்துக்கு வந்துவிடும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்! சில்லு திரும்பிவிட்டாலும், அதை உள்பக்கமாக இழுத்துப் பிடித்திருந்த நார் கிழிந்திருக்கலாம். குருத்தெலும்பில் ஒரு துணுக்கு பெயர்ந்திருந்தாலும் வெளியே தெரியாது. சின்ன வயதில் நழுவினால், மறுபடி நழுவும் வாய்ப்பும் அதிகம்.

ஆகவே ஆட்டத்தை நிறுத்திவிட்டு பி.டி. சாரிடமும் வீட்டிலும் சொல்லுங்கள். எண்ணெய் போட்டு உருவிவிட யார் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எலும்பு டாக்டர் சில்லை மெதுவாக வெளிப்பக்கம் தள்ளிப் பார்ப்பார். நழுவிய கால் என்றால், "ஐயோ, வேண்டாம்" என்று நீங்களே அவர் கையைப் பிடித்துக்கொள்வீர்கள். அந்தப் பயமும் அவருக்கு ஒரு தடயம்தான்! பிறகு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

ஆபரேஷன் என்று நடுங்க வேண்டாம். துணுக்கு எதுவும் பெயராவிட்டால், முதல் தடவைக்குப் பெரும்பாலும் முழங்கால் பட்டையும், தொடைத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும்தான். அந்தப் பயிற்சி அலுப்பாக இருக்கும். பாதியில் விட்டுவிடக் கூடாது. அடிக்கடி நழுவினால்தான் ஆபரேஷன் பற்றிப் பேச்சு வரும். உங்கள் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், அதிலும் டாக்டர்கள் ரொம்ப யோசிப்பார்கள்.

அமெரிக்கக் கால்பந்து வீரர் பாட்ரிக் மஹோம்ஸுக்கு 2019 அக்டோபரில் ஆட்டத்தின் நடுவே வலது முழங்கால் சில்லு விலகியது. ஸ்கேன் எடுத்து, இரண்டு ஆட்டங்களை விட்டுவிட்டுத்தான் திரும்பினார். 2020 பிப்ரவரியில் அவருடைய அணிதான் சாம்பியன்! அவர் வளர்ந்த ஆள், கூடவே டாக்டர்கள் பட்டாளம் உண்டு. உங்களுக்குச் சில மாதங்கள்கூட ஆகலாம்.

கேப்டனாக இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வேலை. "கால் சரியானதும் வா, உன் இடம் உனக்குத்தான்" என்று அடிபட்டவனிடம் சொல்லிப் பாருங்கள். அப்புறம் அவன் ஏன் மறைக்கப் போகிறான்?