சொல்லைக் கொடுத்துப் பொருளை மறைக்கும் பாடம்: வன்னிச் சிறுவர்க்குச் சக்தியைக் கற்பித்தல் குறித்து

ஆரம்ப வகுப்புகளிலே 'சக்தி' என்னும் சொல் கற்பிக்கப்படுகின்றது. சக்தி ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்குச் செல்லும் வகை கற்பிக்கப்படுவதில்லை. வெப்பம், ஒளி, ஒலி, மின் என்று பெயர்களை நிரல்பட ஒப்பிக்கும் பத்து வயதுப் பிள்ளையிடம், கொதிக்கும் குழம்பிலிட்ட சிரட்டை அகப்பையின் பிடி சுடாதிருக்க உலோகக் கரண்டியின் பிடி சுடுவது ஏன் என வினவினால் விடை வாராது. இக்குறைக்குப் பிள்ளையின் அறிவு மந்தம் என்பர் சிலர். வன்னியின் பின்தங்கிய நிலை என்பர் வேறு சிலர். இரண்டும் பொருந்தாக் காரணங்கள். குறை கற்பிக்கும் முறையிலேயே உள்ளது.

வன்னிக்கு மட்டும் உரிய நோய் அன்று இது. 1965ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற அமெரிக்கப் பௌதிகவியலாளர் றிச்சாட் பெயின்மன், அடுத்த ஆண்டு நியூயோர்க்கில் விஞ்ஞான ஆசிரியர் முன் உரையாற்றுகையில் முதலாம் வகுப்புப் பாடநூல் ஒன்றைக் கண்டித்தார். சாவி முறுக்கிய பொம்மையை அசைப்பது யாது என்று வினவிய அந்நூல், சக்தியே அசைக்கின்றது என்று விடை பகர்ந்திருந்தது. இதனாற் பிள்ளை ஒரு சொல்லைப் பெற்றதேயன்றிப் புதிதாக யாதும் அறிந்திலது என்பது அவர் வாதம். பொம்மையைப் பிரித்து உள்ளேயுள்ள சுருள்வில்லைக் காட்டுவதே பயனுடையது என்றார்.

பிரித்துக் காட்டத்தக்க பொருளுக்கு வன்னியிலே பஞ்சமில்லை. 1990களிலே பொருளாதாரத் தடையினால் மின்கலங்கள் கிடையாதொழிந்தன, மண்ணெண்ணெய் அருமையாயிற்று. செய்தி கேட்க விரும்பியோர் துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் எடுத்தனர். உண்ட சோற்றிலிருந்து தசைக்கும், தசையிலிருந்து சில்லுக்கும், சில்லிலிருந்து டைனமோவுக்கும், கம்பி வழியே வானொலிக்கும், அங்கிருந்து கேட்போர் செவிக்கும் சக்தி சென்ற பாதை முழுவதும் முற்றத்திலே விரிந்து கிடந்தது. டைனமோவைச் சில்லோடு சேர்த்ததும் சுழற்றுதல் கடினமாயிற்று. கை ஓய்ந்ததும் குரல் ஓய்ந்தது. ஒன்று பெறுவதற்கு மற்றொன்று கொடுத்தாக வேண்டும் என்ற பேருண்மையை அக்காலச் சிறுவர் கையால் உணர்ந்தனர். இன்று அவர்கள் பெற்றோராயினர். அவர்தம் பிள்ளைகளோ, சக்தியின் வடிவங்கள் எத்தனை என்ற வினாவுக்கு விடை மனனஞ் செய்கின்றனர். இம்முரண்பாட்டைக் கல்வி என்று எவ்வாறு அழைப்பது?

ஆய்வுகூடம் இல்லை, உபகரணம் இல்லை என்பது வழக்கமாக எழும் முதலாவது தடை. இரவெல்லாம் திண்ணையிற் கிடந்த மண்வெட்டியைக் காலையில் எடுத்து, ஒரு கையால் இரும்பையும் மறு கையால் மரப்பிடியையும் பிள்ளை தொடட்டும். இரும்பு குளிரும், மரம் குளிராது. இரும்பிலுள்ள குளிர் கைக்கு ஏறியது என்றே பிள்ளை கூறும். அவ்விடத்திலேதான் பாடம் தொடங்குகின்றது. ஓரிரவு ஒரே திண்ணையிற் கிடந்த இரண்டும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையின. கையின் வெப்பம் இரும்புக்கு விரைந்து சென்றுவிடுகின்றது. மரம் அதனை மெல்லவே கடத்துகின்றது. குளிர் என்று ஒன்று வந்ததில்லை, வெப்பமே சென்றது. நண்பகலில் வெயிலிற் கிடந்த அதே மண்வெட்டியின் இரும்பு கையைச் சுடுகையில், செல்லும் திசை மாறியதைப் பிள்ளை தானே சொல்லும். போளை அடிக்கும்போது அடித்த போளை நிற்க அடிபட்ட போளை ஓடுவதும், தகரக் கூரையின் கீழ் வேர்ப்பவர் கிடுகுக் கூரையின் கீழ் ஆறுவதும் இத்தகைய பாடங்களே. இவற்றுக்கு எந்த உபகரணத்தைக் கொழும்பிலிருந்து தருவிக்க வேண்டும்? வெப்பம் பற்றிய பழைய கொள்கையை உலுக்கிய ரம்போட் பிரபுவும் தம் சான்றை மியூனிக் நகரில் பீரங்கிக் குழல் துளைக்கும் பட்டறையிலேயே கண்டார். அக்கட்டுரை 1798ஆம் ஆண்டு லண்டன் றோயல் சங்கத்தில் வாசிக்கப்பட்டது.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை இதற்கு இடந்தராது என்பது இரண்டாவது தடை. ஒரு பிள்ளை எப்பாடசாலைக்குச் செல்லும் என்பதையே ஒரு பரீட்சை தீர்மானிக்கும்போது, பெற்றோர் அஞ்சுவது இயல்பே. ஆயினும், காரணம் அறிந்த பிள்ளை வினா உருமாறி வரினும் விடை காணும். மனனஞ் செய்த பிள்ளை திகைத்து நிற்கும். மேலும், 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தம் ஆரம்பப் பிரிவுப் பாடத்துக்குச் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்றே பெயரிட்டது. அப்பெயரில் சுற்றாடலும் உண்டு, செயற்பாடும் உண்டு. கடந்தகால வினாத்தாளைக் கரும்பலகையில் எழுதிக் கொப்பியில் இறக்குவது இவற்றுள் எதுவெனக் கேட்பது தகும்.

தமிழிலே கலைச்சொற்கள் சிறுவர்க்கு விளங்கா என்பது மூன்றாவது தடை. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தையே தமிழிற் கற்பித்துத் தமிழ் வைத்தியரை உருவாக்கினார். அத்துணைப் பாரத்தைச் சுமந்த மொழிக்கு அகப்பையும் மண்வெட்டியும் பாரமாகா. உண்மையான இடர் வேறு. சக்தி என்றதும் பிள்ளையின் உள்ளத்தில் அம்மனும் உடற்பலமுமே தோன்றும். ஆதலால் அச்சொல் பாடத்தின் இறுதியில் வருதல் வேண்டும். எதிலிருந்து எதற்கு, எவ்வழியே, இரண்டிலும் நேர்ந்த மாற்றம் யாது என்னும் வினாக்கள் முதலில் வரட்டும். சென்ற அதற்கு ஒரு பெயர் வேண்டுமென்று பிள்ளையே உணரும் வேளையில் பெயரைக் கொடுக்கலாம். இலங்கையிற் சக்தி என வழங்குவது தமிழகப் பாடநூல்களில் ஆற்றல் எனப்படுகின்றது. பெயர் மாறினும் கரண்டி சுடுவது மாறவில்லை.

இவ்வறிவு வன்னியிலே உயிர்காக்கும் அறிவும் ஆகும். போர் முடிந்தது 2009ஆம் ஆண்டு. ஒரு தசாப்தத்துக்கு மேல் கழிந்த பின்னரும் முகமாலையிலே கண்ணிவெடி அகற்றும் பணி தொடர்ந்தது. அசையும் பொருளுக்கே சக்தி உண்டு என்று எண்ணும் பிள்ளைக்கு, மண்ணில் அசையாது கிடக்கும் துருப்பிடித்த பொருள் அச்சந் தராது. 'தொடாதே' என்ற கட்டளை இன்றியமையாதது. ஆனால் அசையாப் பொருளுள்ளும் சக்தி அடங்கியிருக்கும், ஆண்டுகள் பல கழிந்தும் அது நீங்காதிருக்கலாம், ஒரு பாதத்தின் சிறிய அழுத்தமே அதனைத் திறந்துவிடப் போதும் என்று அறிந்த பிள்ளை, கட்டளையிடுவோர் அருகில் இல்லாத இடத்திலும் விலகி நடக்கும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலே வெள்ளம் பரந்தது. உயர நின்ற நீர் பள்ளம் நோக்கி இறங்குகையில் யாது செய்யவல்லது என்பதை அப்பிரதேசப் பிள்ளைக்கு வேற்று நாட்டு நீர்வீழ்ச்சியின் படத்தைக் காட்டி விளக்க வேண்டியதில்லை.

இன்னுமொன்று. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இந்நாட்டிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின் தடைப்பட்டது. மண்ணெண்ணெய்க்கு மக்கள் வரிசையில் நின்றனர். பளைப் பகுதியிலே 2014ஆம் ஆண்டு முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. பூநகரியிலும் மன்னாரிலும் காற்றாலை அமைக்கும் திட்டத்திலிருந்து இந்தியாவின் அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. காற்றிலிருந்து எடுக்கப்படுவது யாது, அது யாருக்குச் செல்கின்றது, விலை என்ன என்று நாளை வன்னி மக்களே கேட்க வேண்டியிருக்கும். சக்தி செல்லும் வழியைத் தொடர்ந்து பார்க்கப் பத்து வயதிற் பழகாதவர் இக்கேள்விகளைக் கேட்பது அரிது.

கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் நிற்கின்றது. வவுனியா வளாகம் 2021ஆம் ஆண்டு தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வன்னி மாவட்டங்கள் பல்கலைக்கழக அனுமதியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டையும் பெறுகின்றன. அது வேண்டற்பாலதே. எனினும் பத்து வயதில் மறுக்கப்பட்டதைப் பத்தொன்பது வயதில் வாயிலில் நின்று கொடுத்துவிட இயலாது.

வேண்டுவன மூன்று. ஆசிரிய கலாசாலைகளும் கல்வியியற் கல்லூரிகளும் ஆரம்பப் பிரிவு ஆசிரியரை அவரவர் ஊர்ப் பொருள்களைக் கொண்டே பாடம் அமைக்கப் பயிற்றுதல் வேண்டும். வலயக் கல்விப் பணிமனைகள் கொப்பியின் நிறைவைப் பார்ப்பதை விடுத்து, பிள்ளை கேட்ட வினாக்களைப் பார்த்தல் வேண்டும். அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் உள்ள பல்கலைக்கழக மாணவர் தம் வேலிக்கு அப்பாலுள்ள கிராமப் பாடசாலைக்கு மாதமொருமுறையேனும் ஒரு பழைய டைனமோவுடன் செல்லுதல் வேண்டும். இவற்றுட் பெருஞ்செலவு வேண்டுவது ஒன்றுமில்லை. செய்யாதிருப்பதற்கு வறுமையைக் காரணங் காட்டுவோர், துவிச்சக்கர வண்டியைச் சுழற்றி உலகச் செய்தி கேட்ட ஒரு தலைமுறைக்கு மறுமொழி சொல்லக் கடமைப்பட்டவராவர்.